முதற்பிள்ளையும் பஞ்சாங்கமும்

நமது நாட்டில் ஒரு பெண் முதன்முதலாகக் கர்ப்பமாயிருக்கிறாள் என்று தெரிந்த மாத்திரத்தில், அவளுடைய உடம்பில் இரத்தம் எவ்வளவு இருக்கின்றது என்று கேட்க வீட்டில் ஒருவரும் இருப்பதில்லை. ஆனால் அவளுடைய நட்சத்திரம் என்ன, எந்த மாதத்தில் சீமந்தம், எந்தக் கிழமையில் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது, வயிறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றது, அது ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு வீட்டிலும் தெருவிலும் வேண்டிய பேர் இருக்கின்றார்கள்.

தமிழ்நாட்டில் 100க்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நடப்பதாக 2019-21 வருஷத்திய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புச் சொல்லுகின்றது. 2018-20ல் இந்தியா முழுமைக்கும் லட்சம் பிறப்புகளுக்கு 97 தாய்மார் இறந்தார்கள் என்றால், தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தார்கள். இது நாம் சந்தோஷப்பட வேண்டிய காரியமேயாகும். ஆனால் அதே குடும்பநலக் கணக்குத்தான் தமிழ்நாட்டுக் கர்ப்பஸ்திரீகளில் 100க்கு சுமார் 48 பேர் இரத்தக் குறைவு உள்ளவர்கள் என்றும் சொல்லுகின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பழகிவிட்ட நாட்டில் பாதிப் பெண்கள் இரத்தம் இல்லாமல் போகிறார்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? பெண் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்; பஞ்சாங்கமும் அவள் கூடவே போகின்றது என்பதுதான் அர்த்தம்.

முதலில் வளைகாப்பை எடுத்துக்கொள்ளுவோம். நமக்கு வளையல் மீது யாதொரு விரோதமும் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியை உட்காரவைத்து, ஐந்து வகைச் சோறு போட்டு, நாலு பேர் கூடிச் சிரித்து அனுப்புவதில் என்ன கெட்டுப் போகின்றது? சர்க்காரே சமுதாய வளைகாப்பு என்று அங்கன்வாடி மூலமாக நடத்தி, சத்துணவைப் பற்றியும் அங்கே பேசுகின்றார்கள். நாம் கண்டிப்பது இரண்டு விஷயங்களை. ஒன்று, புருஷனை இழந்தவள் என்கின்ற காரணத்திற்காக, பெற்ற மகளின் கையில் ஒரு வளையல் போடப் பெற்ற தாய்க்கே உரிமை இல்லாமல் அவளை அடுப்பங்கரையில் நிறுத்துகின்ற அக்கிரமம். அந்தப் பெண்ணை வயிற்றில் சுமந்து பெற்றவள் அபசகுனம், அப்பளம் பொரிக்கிற வேலைக்கு மாத்திரம் சகுனமா? மற்றொன்று, ஏழாம் மாதத்தில் ஒருநாள் கூத்தை நடத்திவிட்டு, முதற்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடெல்லாம் அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்துவிடுவது.

உண்மையில் ஏழாம் மாதம் என்பது மிகவும் பிந்திய காலமாகும். கரு உண்டாகி 28 நாளுக்குள் குழந்தையின் மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் ஆதாரமான குழாய் மூடிக்கொள்ள வேண்டும். அப்போது அந்தப் பெண்ணுக்குத் தான் கர்ப்பம் என்பதே சரியாகத் தெரிந்திருக்காது. அந்தக் குழாய் மூடுவதற்குப் போலிக் ஆசிட் என்கின்ற சத்து வேண்டும். கர்ப்பத்திற்கு முன்னிருந்தே அதைச் சாப்பிட்டு வந்தால் இந்த ஊனம் பெரும்பாலும் தடுக்கப்படுகின்றது என்று 1991ல் பல நாட்டுத் தாய்மார்களை வைத்துச் செய்த பரிசோதனையில் ருசுவாயிற்று. இந்தச் சத்தைக் கண்டுபிடித்த கதையும் நம் நாட்டோடு சம்பந்தப்பட்டதே. லூசி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டர் அம்மாள் 1928ல் இந்தியாவுக்கு வந்து, பம்பாய் மில் கூலிப் பெண்கள் கர்ப்பகாலத்தில் இரத்தமற்றுச் சாவது ஏன் என்று பார்த்தார். நமது குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அதற்காக வேலை செய்தார். தலைவிதி என்று சொல்லிவிட்டுப் போகாமல் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கவனித்து, ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணமாக்கி, 1931ல் அதை வெளியிட்டார். அதில் இருந்த சத்துத்தான் பிற்காலத்தில் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலைக்குரிய பெயராலேயே போலிக் ஆசிட் எனப்பட்டது. ஆகவே, பிள்ளை வேண்டும் என்று நினைக்கின்ற தம்பதிகள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் போகிற நேரத்தில், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இந்தச் சிறு மாத்திரையை வாங்கிக்கொள்ளலாம். மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொண்டவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொத்து வெளியே போகாமல் காப்பாற்றுவதற்கென்று செய்துகொள்ளும் கலியாணத்தில், வியாதி வெளியே போகாமல் தங்கிவிடுவதும் உண்டு.

நாள் தள்ளிப் போனவுடன் செய்ய வேண்டியது, 12 வாரத்திற்குள் கிராம சுகாதார நர்ஸிடம் பெயரைப் பதிவு செய்வது. மூன்று மாதம் வரை வெளியே சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்று மறைத்து வைக்கிற வழக்கம் இந்தப் பதிவைத்தான் கெடுக்கின்றது. ஊராருக்குச் சொல்லவேண்டாம், நர்ஸுக்குச் சொல்லக்கூடாதா? நர்ஸின் கண் பட்டால்தான் இரத்த வகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், மேகநோய் முதலியவை தெரியவரும். சர்க்கார் கொடுக்கிற பிரசவ உதவிப் பணமும் இந்தப் பதிவை வைத்தே கொடுக்கப்படுகின்றது. அது 2006ல் 6,000 ரூபாயாக்கப்பட்டு, 2011ல் 12,000 ஆகி, 2018ல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் ஆயிற்று.

அந்த உதவித் திட்டத்திற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் யார் என்று புதுக்கோட்டையில் இருப்பவர்களில் எத்தனை பேர் தங்கள் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்? அவர் இந்தப் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்தவர். தேவதாசி வகுப்பில் வந்த தாய்க்குப் பிறந்தவர். ஆண்பிள்ளைகள் படிக்கிற மகாராஜா காலேஜில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று கிளம்பிய எதிர்ப்பையெல்லாம் மீறித் தொண்டைமான் மகாராஜா அனுமதி கொடுத்ததால் படித்தவர். 1912ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்பு சட்டசபையில் முதல் பெண் அங்கத்தினராகி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடியவர். பெண்ணின் உடம்பு சாமிக்கும் சொந்தமல்ல, சமூகத்திற்கும் சொந்தமல்ல, அவளுக்கே சொந்தம் என்பதற்காகப் போராடியவரின் பெயரால் கொடுக்கப்படும் பணம், பெண்ணின் பாங்கிக் கணக்கில் விழுந்த அன்றே புருஷன் கைக்குப் போய் மோட்டார் சைக்கிள் தவணைக்கோ, சீமந்தப் பந்தலுக்கோ செலவாகிறதென்றால் அதைவிட அவருக்குச் செய்யும் அவமரியாதை வேறு என்ன இருக்கின்றது? அந்தப் பணம் முட்டைக்கும், பாலுக்கும், மீனுக்கும், பயறுக்கும், கடைசி இரண்டு மாதம் அவள் கூலி வேலைக்குப் போகாமல் இருப்பதற்கும் உண்டான பணம்.

நாலாம் மாதத்திலிருந்து பிரசவம் வரை 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நமக்குத் தெரிந்த அநேக வீடுகளில் அந்த மாத்திரைகள் அரிசிப் பானைக்குப் பின்னால் தூங்குகின்றன. கேட்டால், அது சூடு, பிள்ளை கறுத்துப் போகும், மலம் கறுப்பாய்ப் போகின்றது என்கிறார்கள். மலம் கறுப்பாவது நிஜம். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பிள்ளையின் நிறத்திற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை. அந்த மாத்திரையைக் காப்பி, டீயோடு சாப்பிட்டால் பலன் போய்விடும். எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாக உடம்பில் பிடிக்கும். இது ஒரு காசு செலவில்லாத வித்தை. இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஆனால் கிராமுக்கு இவ்வளவு என்று விலைகொடுத்துக் குங்குமப்பூ வாங்கிப் பாலில் போட்டுக் குடி, பிள்ளை சிவப்பாய்ப் பிறக்கும் என்று சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர். புதுக்கோட்டை வெயிலில் வேலை செய்து கறுத்த உடம்பிலே உண்டான குழந்தை கறுப்பாய் இருந்தால் யாருக்கு வெட்கம்? கறுப்பு இழிவு என்று நம் தலையில் ஏற்றியவன் எவனோ, அவனல்லவா வெட்கப்பட வேண்டும்!

இதைவிடக் கொடுமையானது, நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று கர்ப்பஸ்திரீயின் வயிற்றைக் காயப்போடுவது. ஏற்கனவே நம் வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டு மீந்ததைச் சாப்பிடுவதுதான் மருமகளின் தர்மமாய் இருந்து வருகின்றது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் குறைவு, 7க்குக் கீழே போனால் அபாயம். பிரசவத்தில் தாய்மாரைக் கொல்லுகிறவற்றில் முதலாவது இரத்தப்போக்கு. இரத்தம் நிறைந்தவள் தாங்குகிற போக்கை இரத்தம் இல்லாதவள் தாங்கமாட்டாள். ஆகையால் ஒன்பது மாதத்துச் சோற்றுப் பங்கீடுதான் பத்தாம் மாதத்தில் உயிரா சாவா என்று தீர்ப்புச் சொல்லுகின்றது.

ஆணா பெண்ணா என்கின்ற கேள்விக்கு வருவோம். ஸ்கேன் செய்து அதைச் சொல்லுவது 1994ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், அறிவு என்ன சொல்லுகின்றது? ஆணுக்குரிய அணு புருஷனிடமிருந்து மாத்திரமே வரமுடியும். அது வராமற்போனால் பெண் பிறக்கின்றது. மூன்று தலைமுறையாக மருமகளை வைதுகொண்டிருக்கிற மாமியார்கள் தங்கள் பிள்ளையை அல்லவா கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்?

2019 டிசம்பர் 26ந் தேதி காலையில் புதுக்கோட்டைச் சீமையின் ஆகாயத்தில் சூரியன் ஒரு மோதிரம் போல நின்றது. கங்கண கிரகணத்தின் பாதை கோயமுத்தூரிலிருந்து திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போயிற்று. சயின்ஸ் இயக்கத்தார் கண்ணாடி கொடுத்து ஜனங்களைப் பார்க்கச் செய்தார்கள். ஆனால் எத்தனையோ வீடுகளில் கர்ப்பஸ்திரீகளை இருட்டறையில் அடைத்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல், கத்தியைத் தொடாதே, காய் நறுக்காதே, பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று மிரட்டி வைத்திருந்தார்கள். உதடு கூடுவது கர்ப்பத்தின் இரண்டாவது மாதத்தை ஒட்டியே முடிந்துவிடுகின்ற காரியம். எட்டாம் மாதத்துக்காரியை அடைத்துவைத்தது, அறுவடையான வயலுக்குக் காவல் இருந்ததற்குத்தான் ஒப்பாகும். அதுவும் போகட்டும், எட்டாம் மாதத்துக்காரிக்குத் தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று எந்தச் சாஸ்திரம் சொன்னாலும் அந்தச் சாஸ்திரம் கொலைச் சாஸ்திரமே.

கடைசி மாதங்களில் நமது படித்த கூட்டத்தார் செய்கின்ற வேடிக்கை ஒன்று உண்டு. கிராமத்தார் பிள்ளை பிறந்தபின் ஜாதகம் எழுதினால், இவர்கள் ஜாதகம் எழுதிவைத்துவிட்டுப் பிள்ளையை வெளியே எடுக்கச் சொல்லுகிறார்கள். ஜோசியன் நேரம் குறிக்கிறான், டாக்டர் கத்தியை எடுக்கிறார். தமிழ்நாட்டில் 100 பிரசவங்களுக்கு ஏறக்குறைய 45 ஆபரேஷனால் நடப்பதாக அந்தக் குடும்பநலக் கணக்கே சொல்லுகின்றது. இதில் எத்தனையோ அவசியமானவை. அந்தக் கத்தி இல்லாவிட்டால் தாயும் பிள்ளையும் போயிருப்பார்கள். நாம் கேட்பது, நட்சத்திரத்திற்காக வயிற்றைக் கிழிக்கலாமா என்பதுதான். உலகத்தில் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 250 பிள்ளைகள் பிறக்கின்றன. அதே முகூர்த்தத்தில் பிறந்த 250 பேரும் கலெக்டர் ஆகிவிடுகிறார்களா? நாள் நிறையாமல் எடுக்கப்பட்ட பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறபோது எந்தக் கிரகம் வந்து ஊதும்?

இதற்கு நேர் எதிராக மற்றொரு கூட்டம் ஆஸ்பத்திரியே வேண்டாம், இயற்கைப் பிரசவம் என்று கிளம்பியிருக்கின்றது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண், படித்தவர், வீட்டிலேயே இணையப் படக்காட்சிகளைப் பார்த்துச் செய்த பிரசவத்தில் இரத்தம் போய் இறந்தார். நம் பாட்டிமார் வீட்டில்தானே பெற்றார்கள் என்கிறார்கள். பெற்றார்கள், அவர்களில் பெற்றுச் செத்தவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாதே!

ஆகவே ஒன்பதாம் மாதத்தில் வீட்டு ஆண்பிள்ளைகளுக்குச் சில வேலை உண்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கா, டவுனில் இராணியார் ஆஸ்பத்திரிக்கா என்பதை வலி வருவதற்கு முன்பே நர்ஸைக் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். 108க்குக் கூப்பிட்டால் வண்டி வரும். ராகு காலம் கழியட்டும் என்று அதை வாசலில் நிறுத்தக் கூடாது. அவளுடைய வகை இரத்தம் உள்ள இரண்டு பேரைத் தயாராய்ச் சொல்லி வைக்க வேண்டும். அவர்கள் எந்த ஜாதி என்று விசாரிக்க வேண்டியதில்லை, இரத்தத்தில் அது எழுதியிருப்பதில்லை. தலை கனமாய் வலித்தாலும், கண் மங்கினாலும், முகம் வீங்கினாலும், உதிரமோ நீரோ போனாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் திருஷ்டி சுற்றிக்கொண்டிராமல் அந்தக்ஷணமே புறப்பட வேண்டும். பிள்ளை பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தொட்டுச் சேனை வைக்கிறேன் என்று வருகிற பெரிய மனிதர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பாலைக் கொடுக்கச் செய்ய வேண்டும். தீட்டு என்று பச்சை உடம்புக்காரியை ஒதுக்குப்புறத்தில் கிழிந்த பாயில் போடுகிறவர்கள், அந்த வீட்டில் உள்ள எல்லோரும் அந்தத் தீட்டின் வழியாகவே வந்தவர்கள் என்பதை யோசிப்பார்களாக.

இந்த ஜில்லாவின் மாமியார்களைக் குறித்து நமக்கு மற்றெந்த ஜில்லாவையும்விட அதிக நம்பிக்கை உண்டு. 1991ல் அறிவொளி இயக்கம் இங்கே நடந்தபோது, பகலில் வயலிலும் கல்லுடைக்கிற இடத்திலும் வேலை செய்து இரவில் எழுத்துப் படித்த பெண்கள், ஊரார் கேலி செய்யச் செய்ய ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பெண் சைக்கிள் விட்டால் குடும்பம் கெடும் என்று சொன்ன வாய்களெல்லாம் அடைத்துப் போயின. அன்று இருபது, இருபத்தைந்து வயதாயிருந்த அந்தப் பெண்கள்தான் இன்று மருமகளுக்குச் சோறு போடுகிற இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் இன்றைக்கே மருமகளின் தாய்சேய் நல அட்டையை வாங்கி, தாங்கள் கற்ற எழுத்தைக் கொண்டு அதை வாசித்து, ஹீமோகுளோபின் என்ற இடத்தில் என்ன எண் எழுதியிருக்கின்றது என்று பார்க்கட்டும். 11க்குக் கீழே இருந்தால் இன்று இரவு அவளை முதல் பந்தியில் உட்காரவைத்து, முட்டையை மகனுக்கு வைக்காமல் அவளுக்கு வைக்கட்டும்.