வரிசையில் நிற்கவே காசு வேண்டும்!

ஜும்ஆ முடிந்ததும் மருத்துவச் சீட்டை விரித்துப் பிடித்தபடி பள்ளிவாசல் வாசலில் ஒரு தகப்பனார் நிற்பார். பிள்ளைக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்பார். துண்டில் பத்து ரூபாயைப் போட்டுவிட்டுக் கடை திறக்க ஓடுகிறோம். அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று என்றைக்காவது கேட்டோமா சகோதரர்களே?

உறுப்பு தானத்தில் தமிழகமே முன்னோடி என்கிறார்கள். உண்மைதான். 2008லேயே மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் இங்கே வந்துவிட்டது. 2023 முதல் கொடையாளர் உடலுக்கு அரசு மரியாதையும் உண்டு. கொடுப்பது யார்? பெரும்பாலும் சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த சாமானியக் குடும்பம். பெறுவது யார்?

2017ல் தமிழகத்தில் நடந்த இதய மாற்றுகளில் சுமார் 25 சதவிகிதமும், நுரையீரல் மாற்றுகளில் சுமார் 33 சதவிகிதமும் வெளிநாட்டவருக்குப் போனதாக 2018ல் செய்தி வெளியாகி நாடே பரபரத்தது. 'இந்திய நோயாளி எவரும் ஏற்க முன்வராததால்தான் கொடுத்தோம்' என்று பதில் வந்தது. முன்வரவில்லையா, முன்வர முடியவில்லையா? வரிசையில் பெயர் ஏற மருத்துவமனையில் பதிய வேண்டும், பரிசோதனைகள் முடிக்க வேண்டும், அழைத்த சில மணி நேரத்தில் போய் நிற்க வேண்டும். எடுத்த இதயம் நான்கு மணி நேரம்தான் தாங்கும். ராயகிரிக்காரர் சங்கரன்கோவிலுக்குப் போய்ப் பொதிகை ரயிலைப் பிடித்துச் சென்னை சேர்வதற்குள் விடிந்துவிடும்! 2019ல் தனி மாவட்டமான தென்காசிக்கு அரசு மருத்துவக் கல்லூரி கூட இல்லை.

முதலமைச்சர் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பலரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மாதம் பதினோராயிரம் பார்க்கும் பெட்டிக்கடைக்காரர் அரசின் கணக்கில் வசதியானவர்!

அறுவையோடு கதை முடிவதுமில்லை. மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டும். சில நாள் தவறினாலும் ஆபத்து. மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் மாதா மாதம் பஸ் செலவும் போகும் நாட்களின் கூலியும் யார் தருவது?

அமெரிக்காவிலும் இதே நிலைதான். கறுப்பினக் குழந்தைக்கு உறவினரின் சிறுநீரகம் கிடைப்பது வெள்ளைக் குழந்தையைவிட அரிது. கிடைத்தாலும் நீடிப்பது குறைவு. கறுப்பினத்தவர் என்றாலே சிறுநீரகம் நன்றாக வேலை செய்வதாகக் கூட்டிக் காட்டும் ஒரு கணக்கு முறை பல்லாண்டு அங்கே இருந்தது. 2022ல் அதைத் தடை செய்து, இழந்த காத்திருப்பு நாட்களை 2023 முதல் திருப்பிக் கொடுக்கிறார்கள். எப்படி? இனவாரியாகக் கணக்கு வைத்திருந்தார்கள்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு அநீதி உண்டு. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் உறுப்பு பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். மகன் என்றால் வீட்டை விற்கிறோம். மகள் என்றால், 'கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளை, வெளியே தெரிய வேண்டாம்' என்று மூடி வைக்கிறோம். இதற்கும் அரசா பொறுப்பு?

எத்தனை குழந்தைகள் காத்திருந்தார்கள், எத்தனை பேர் காத்திருந்தே இறந்தார்கள், எந்த மாவட்டம், என்ன வருமானம், ஆணா பெண்ணா என்பதை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒவ்வொரு ஜமாஅத்தும் துண்டு விரிப்பதற்கு முன்பே வருமானச் சான்றும் காப்பீட்டு அட்டையும் வாங்கித் தர இரண்டு இளைஞர்களை நியமிக்கட்டும். வியாபாரிகள் மாதம் ஒருமுறை அந்தத் தகப்பனாரின் பயணச் செலவை ஏற்கட்டும்.