கடற்கரையோடு திரும்புவதோ?

விழாவை முன்னிட்டுக் கொழும்பிலிருந்தும் பிறநாடுகளிலிருந்தும் வரும் நம் பழைய மாணவருட் பலர், கோணேசப் பெருமானை வணங்கி, நிலாவெளியில் நீராடி, கன்னியாயின் வெந்நீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவர். திருகோணமலையைக் கண்டாயிற்று என்பது அவர்தம் எண்ணம். தம்பலகாமமும் கந்தளாயும் அடங்கிய மேற்குப்புற மருதநிலத்தைக் காணாதவர் இம்மாவட்டத்தின் முகத்தைக் கண்டாரேயன்றி, அதற்குச் சோறிடும் வயலைக் கண்டாரல்லர்.

கிண்ணியாவிலே தமிழாசிரியனாய்ப் பணிபுரியும் எனக்கு அவ்வழி பழகிய வழி. 2009ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்படும்வரை, நகரிலிருந்து வருவோர் பாதையிலேறித் துறை கடந்தனர். இன்று 396 மீற்றர் நீளப் பாலத்தைப் பேருந்து நொடிப்பொழுதிற் கடக்கிறது. பாலத்தின்மேல் நின்று மேற்கே நோக்கின் விரிவது தம்பலகாமக் குடா. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பிக்கு அஃது ஒருகாற் பெயர்பெற்றிருந்தது. அதன் சிறு முத்துக்களுக்காக ஆங்கில அரசு குடாவையே குத்தகைக்கு விட்டது. மன்னார் முத்தை அறிந்த நம் மாணவர் இதனை அறியார்.

குடாவைச் சூழ்ந்த இந்நாடு ஓர் எல்லைநாடு. கடலோரக் கோட்டை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறிக்கொண்டேயிருக்க, உள்நாட்டுக் காடும் வயலும் வேறு கதை கண்டன. 1622இலே கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தபோது, மறைத்துக் காக்கப்பட்ட திருவுருவம் பின்னர்த் தம்பலகாமத்திற் கோயில்கொண்டது என்பது வழிவழி வந்த செய்தி. 1660இலே கொட்டியாரக் குடாவிற் கரையிறங்கிய இறொபேட் நொக்ஸ் கண்டியரசன் ஆட்களாற் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுக்கு மேலாகச் சிறையிருந்து, 1679இலே காட்டுவழியாக அரிப்புக்குத் தப்பியோடினான். கடலாட்சி முடிந்து காட்டாட்சி தொடங்கிய கோடு எங்கள் ஊர்ப்பக்கமாகவே ஓடிற்று.

நிற்க. கந்தளாய்க் குளக்கட்டில் ஏறி நின்றோர் அதனை மறவார். ஒருபுறம் கடலென நீர். மறுபுறம் கண்ணுக்கெட்டியவரை நெல். மாலையானால் யானைகளும் வருதலுண்டு. இக்குளத்தைக் கட்டியவர் யார்? கோணேசர் கல்வெட்டைப் பாடிய கவிராசவரோதயர் குளக்கோட்டன் என்பர். சூளவம்சம் கூறும் வாவியோடு இதனைப் பொருத்துவோர் இரண்டாம் அக்கபோதி என்பர். மகாசேனன் என்பாருமுளர். இவ்வழக்கைத் தீர்க்கவேண்டுமென்று நான் அவாவவில்லை. கட்டின்மேல் மாணவரை நிறுத்தி எல்லாக் கதைகளையும் சொல்லவேண்டுமென்பதே என் கருத்து. ஒரு கதையை மட்டும் சொல்லி இறக்கிவிடும் ஆசிரியர் எம்மொழியினராயினும் பிழையே செய்கின்றார்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. கந்தளாய்க்கு அண்மையிற் பாலமோட்டையிலே கிடைத்த சாசனம் தமிழிலே பொறிக்கப்பட்டது. அதிலே ஆண்டு குறிக்கப்பட்ட அரசன் முதலாம் விசயபாகு. சோழரை வென்ற சிங்கள மன்னன். தானம் செய்தவள் கணவனை இழந்த பார்ப்பனப் பெண், பெற்றது சிவன்கோயில், காவல் வேளைக்காரர். ஊரின் பெயரோ விசயராசச் சதுர்வேதிமங்கலம். ஒரு கல்லிலே இத்தனை பேர் கூடியிருக்க, நாம் ஏன் ஒருவரைமட்டும் அழைக்கவேண்டும்?

“அங்கே இப்பொழுது நம்மவர் எத்தனை பேர்? போய் என்ன காண்பது?” என்று பெரியோர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. அவர் மனத்தாங்கல் எனக்கு விளங்காததன்று. 1950களை ஒட்டிய குடியேற்றமும் பின்வந்த போரும் அந்நிலத்தின் முகத்தை மாற்றின. பல குடும்பங்கள் பெயர்ந்தன. எனினும் குளக்கோட்டன் கதையே வேற்றூரிலிருந்து மக்களைக் கொணர்ந்து குடியேற்றிய கதையன்றோ? 1986 ஏப்பிரல் 20 அதிகாலையிற் குளக்கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விரவைக் கண்டவர் இன்னும் அங்கு வாழ்கின்றனர். அவர்களிடம் நம் மாணவர் ஒருவராவது சென்று கேட்டு எழுதியதுண்டா? மழை வேண்டிக் குளக்கட்டிலே வேள்வி செய்த மரபைச் சொல்லவல்ல தம்பலகாமத்து முதியோரும் ஆண்டுதோறும் குறைகின்றனர். போகாதிருப்பதால் இழப்பு நமக்கே.

கல்விச் சுற்றுலா என்றால் நுவரெலியாவும் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையும் என்றே ஆசிரியர் எழுதிவிடுகின்றனர். அவை வேண்டாமென்று சொல்லேன். பிள்ளைகள் குளிரையும் காணட்டும். ஆயினும் இரண்டு இரவுப் பயணத்துக்குப் பணம் திரட்ட இயலாத பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் வீட்டிலே தங்கிவிடுகிறது. மேற்குப் பயணத்துக்கு ஒரு பகல் போதும். பழைய மாணவர் சங்கத்தார் மனம் வைத்தால், ஒரு வகுப்பு முழுவதையும் ஒருவர் விடாமல் அழைத்துச் செல்லலாம். விழாவுக்கு வந்திருக்கும் அன்பரும் உடன் வரலாம். திருகோணமலைப் புகைவண்டி தம்பலகாமத்திலும் நிற்கும், கந்தளாயிலும் நிற்கும். வெயிலுக்குத் தொப்பியும், கேட்டதை எழுத ஒரு கொப்பியும், கட்டுச்சோறும் கொண்டு வருக.