"இப்போதைக்கு" ஒரு சிவப்பு ரேப்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் எங்களுக்கு ஒரு தனிப் பெருமை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் கலியாண வீட்டுக்குச் சோடிச்சு வந்து நின்றால் படம் எடுக்காத ஆக்கள் இல்லை. ஆனால் முன்பக்கத்தைத்தான் எடுப்பம். பின்னுக்குப் போய்ப் பாருங்கோ: உடைஞ்ச லைற் கண்ணாடிக்கு மேலே சிவப்பு ரேப், உள்ளே எரியுதோ இல்லையோ என்று விளங்காத ஒரு பல்ப். கேட்டால் "இப்போதைக்குச் செய்துவிட்டது" என்பினம். அந்த 'இப்போதைக்கு' எத்தனை வருசம்?

உடனே ஒரு பதில் வரும்: "நாங்கள் மண்ணெண்ணெயில கார் ஓடின ஆக்கள்." உண்மைதான். 1990களின் பொருளாதாரத் தடைக்குள், ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் விட்டு, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட வைத்த மெக்கானிக்மாரை நாங்கள் மதிக்கிறோம். அவர்கள் சாமான் இல்லாததால் சமாளித்தார்கள். இன்றைக்கு நிலைமை வேறு. மொறிஸ் மைனர் காரின் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அதன் பின் லைற் கண்ணாடியை இப்பவும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இல்லாமையில் பிறந்த கெட்டித்தனத்தை எங்கள் அலட்சியத்துக்குச் சாட்டாகச் சொல்வது அந்த மனிதர்களை அவமதிப்பது.

தற்காலிகத் திருத்தமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பல நேரம் பிழை சின்னது: பல்ப் ஹோல்டர் கறள் பிடித்து எர்த் கிடைக்காமல் இருக்கும். கறளைச் சுரண்டி, ஒரு வயரைக் காரின் இரும்போடு இறுக்கிவிட்டால் அன்றிரவு வீடு போய்ச் சேரலாம். அது நேர்மையான சமாளிப்பு. அடுத்த நாள் கராஜுக்குப் போகவேணும், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் ஏமாற்று. அந்தப் பல்பில் இரண்டு இழை இருக்கும்: இரவில் எரிய 5 வாற், பிரேக் பிடிக்க 21 வாற். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பின்னால் வாறவர் "கார் நிக்கப்போகுது" என்று அறிகிறார். ஒற்றை இழைப் பல்பைப் போட்டால் அந்தச் செய்தி போகாது. ரேப் வெயிலில் வெளிறி வெள்ளையாக எரிந்தால், கார் போகுதோ வருகுதோ என்றே தெரியாது. பியூஸ் எரிந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றினால், அடுத்ததாக எரியப்போவது வயர்.

ஓட்டுறவர் தன் சீற்றில் இருந்து பின் லைற்றைப் பார்ப்பதில்லை. அது முழுக்க முழுக்க மற்றவருக்காகப் பூட்டியது. மாரி மழையில், லைற் இல்லாத றோட்டில், மோட்டார் சைக்கிளில் பின்னால் வாற பிள்ளைக்கு உங்கட காரின் வயசும் தெரியாது, வரலாறும் தெரியாது.

ஆகவே, கலியாணத்துக்குக் கார் பேசேக்க, பூ எங்க கட்டுறது எண்டு கேக்க முதல், ஒரு ஆள் பின்னால போய் நிண்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கோ. எரியாட்டி அந்தக் காரைப் பேசாதேங்கோ.