மாடிக்குக் கேட்காத குரல்



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று நோயாளிகளுக்கு நற்கருணை வழங்க வீடு வீடாகச் செல்லும்போது, ஒவ்வொரு குடும்பத்தின் உள்நிலையும் குருவானவர்களுக்கு ஓரளவு தெரியவருகிறது. அவ்வாறு சென்ற ஒரு வீட்டில், எண்பது வயதைக் கடந்த தாயார் ஒருவர் கீழ்த்தளத்துப் பின்னறையில் கையில் கட்டுடன் படுத்திருந்தார். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் மாடியில் உறங்குகிறவர்கள்.

"இரவில் கட்டிலை விட்டு இறங்கும்போது விழுந்துவிட்டார்கள், சாமி. விடியற்காலையில் பால் வாங்க இறங்கி வந்தபோதுதான் பார்த்தேன். நல்ல இன்டர்காம் ஒன்று வாங்கி வைக்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்கலாம்?" என்று மகன் கேட்டார்.

அவர் வெளியே சென்றபின் தாயார் மெல்லிய குரலில் சொன்னார்: "கைப்பேசி தலையணைக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது, சாமி. எட்டி எடுத்திருக்கலாம். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வரவில்லை."

மகன் கேட்டது கருவியைப் பற்றி. தாய் சொன்னதோ வேறொன்றைப் பற்றி. இரண்டையும் சேர்த்தே இம்மாதம் சிந்திப்போம்.

நம் முன்னோரின் வீடுகளில் திண்ணையும் முற்றமும் கூடமும் ஒன்றையொன்று பார்த்திருந்தன. பாட்டி இருமினால் வீடு முழுவதும் கேட்டது. இன்றைய வீடுகளில் தளங்கள் இரண்டு, கதவுகள் சாத்தியிருக்கின்றன, மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் இரவெல்லாம் ஒலிக்கின்றன. வசதி பெருகிய அளவுக்குக் குரல் செல்லும் தூரம் சுருங்கிவிட்டது. ஆகவே வீட்டினுள் ஒருவரையொருவர் அழைக்க ஒரு கருவி தேவைப்படுவது ஆடம்பரமன்று.

ஆனால் கடைக்குச் சென்று, "எது புதியது?" என்று கேட்பது சரியான தொடக்கமாகாது. வீட்டிலேயே அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். அழைக்கப்போகிறவர் யார்? எந்த இடத்திலிருந்து அழைப்பார்? எழுந்து வரப்போகிறவர் யார்? குடும்பத்தில் மிகவும் பலவீனமானவர் எவரோ, அவருடைய கையும் கண்ணும் காதுமே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரல் நடுங்குகிறவருக்கு வழவழப்பான கண்ணாடித் திரை பயன்படாது; அழுத்தினால் கைக்குத் தெரியும் பெரிய பொத்தான் வேண்டும். காது மந்தமானவருக்குப் பேசும் கருவி பாதிப் பயனே தரும்; மணியும் விளக்கும் சேர்ந்தது நல்லது.

இப்போது கிடைக்கும் வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, கம்பி வழி இன்டர்காம். இரண்டு அறைகளுக்கு நடுவே மெல்லிய கம்பி இழுத்து, இரு முனைகளிலும் பேசும் கருவி பொருத்துவது. மூன்று நான்கு அறைகள் இருப்பின், சிறிய உள்தொலைபேசி நிலையம் ஒன்றைச் சுவரில் மாட்டி, சாதாரணத் தொலைபேசிகளையே அறைக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். எண்ணை அழுத்தினால் அந்த அறையில் மணி அடிக்கும். இதற்கு வானொலி அலையும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பல ஆண்டுகள் உழைக்கும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் மின்கம்பி பதிக்கும்போதே இதற்கெனத் தனிக் குழாய் ஒன்றைச் சுவரில் வைத்துவிட்டால், பின்னர் சுவரை உடைக்க நேராது.

இரண்டாவது, சுவரிலுள்ள மின் இணைப்பில் செருகிவிட்டாலே பேசக்கூடிய கருவி. வீட்டு மின்கம்பி வழியாகவே குரலை அனுப்புவது இது. புதிதாகக் கம்பி இழுக்க வேண்டாம் என்பது உண்மையே. ஆனால் நம்மூரில் மும்முனை மின் இணைப்புள்ள வீடுகளில் மாடி ஒரு முனையிலும் கீழ்த்தளம் இன்னொரு முனையிலும் இருந்தால், குரல் சரியாகப் போய்ச் சேராமற்போகலாம். வாங்குமுன் மின்பணியாளரிடம் கேட்டறிவது நல்லது.

மூன்றாவது, கம்பியில்லா அழைப்பு மணி. சிறிய பொத்தானை நோயாளி கழுத்தில் அணியலாம், அல்லது கட்டிலில் கட்டி வைக்கலாம். அழுத்தினால் மாடியில் மணி ஒலிக்கும். பேச முடியாது என்பது குறை. ஒரே பொத்தான் என்பது நிறை. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் திறந்தவெளிக் கணக்கு என்பதை மறக்கலாகாது. கம்பி பாய்ச்சிய கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது அது வெகுவாகக் குறையும். திருப்பித் தரலாம் என்ற உறுதியுடன் வாங்கி, கட்டிலிலிருந்தும் குளியலறையிலிருந்தும் அழுத்திப் பார்த்தபின்னரே முடிவு செய்யுங்கள்.

நான்காவது, இணைய இணைப்பில் இயங்கும் பேசும் ஒலிப்பெட்டிகளும் கைப்பேசிகளும். பொத்தானையே தொடாமல் குரலால் அழைக்க முடிவது படுக்கையில் கிடப்பவருக்குப் பெரிய உதவியே. ஆயினும் இணையப் பெட்டி நின்றுவிட்டால் ஒலிப்பெட்டியும் ஊமையாகிவிடும். அன்றாடப் பேச்சுக்கு அவை போதும். ஆபத்துக்கு அவற்றை மட்டுமே நம்பலாகாது.

இவை அனைத்திலும் முதன்மையாக விசாரிக்க வேண்டியது மின்சாரத்தை. 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் அறிவோம். புயல் வேண்டாம், இரவில் ஒரு மணி நேர மின்வெட்டே போதும். முதியவர்கள் தடுக்கி விழ ஏற்ற நேரமும் அந்த இருட்டு நேரந்தான்! கம்பியில்லா மணியின் பொத்தானில் பேட்டரி இருக்கும்; ஆனால் மாடியிலுள்ள மணியோ பல வகைகளில் மின்சாரத்தில் செருகப்படுவது. மின்சாரம் நின்றால் பொத்தான் அழைக்கும், மணி ஒலிக்காது. ஆகவே இரு பக்கமும் பேட்டரியில் இயங்குவதை வாங்குங்கள். அல்லது இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் மணியைச் செருகுங்கள். உள்தொலைபேசி நிலையத்துக்கும் இதே விதி பொருந்தும். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது; வீடு இருளில் இருந்தாலும் அது பேசியது. இப்போதைய கண்ணாடி இழை இணைப்புக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். இதனை உணராமல் பழைய நம்பிக்கையிலேயே இருப்போர் பலர்.

எந்தக் கருவியை வாங்கினாலும் அதற்கு ஒரு தேர்வு வையுங்கள். இரவில் மாடிக் கதவைச் சாத்தி, விசிறியை ஓடவிட்டு, கீழிருந்து அழுத்தச் சொல்லுங்கள். பின்னர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீண்டும் அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு முறையும் மாடியில் கேட்டால் அது உங்கள் வீட்டுக்கு ஏற்ற கருவி.

பொத்தானை எங்கே வைப்பது என்பதும் சிறிய காரியமன்று. கட்டிலருகே ஒன்று வைத்துவிட்டு நிறைவடைகிறோம். ஆனால் வழுக்கும் இடம் குளியலறை. அங்கே நின்றவர் கைக்கு எட்டும் உயரத்தில் மட்டும் வைத்தால், விழுந்தவருக்கு எட்டாது. பிரிட்டனின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறைகளில் உதவி கோரும் சிவப்புக் கயிறு தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம்வரை தொங்க வேண்டுமென்று சொல்கிறது. விழுந்து கிடப்பவரின் கையை நினைத்து எழுதப்பட்ட அளவு அது. நாமும் பொத்தானில் ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிடலாம். அல்லது தரையோரமாக, நீர் படாத உறையிட்ட இன்னொரு பொத்தானை ஒட்டி வைக்கலாம். குளியலறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். மணி கேட்டு ஓடி வந்தவர் கதவை உடைக்க வேண்டிய நிலை வரலாகாது.

இனி, அந்தத் தாயார் சொன்ன காரியத்துக்கு வருவோம்.

விழுந்தவர் எழ முடியாமல் தரையில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கேடு விளைவிக்கிறது. உடலின் பாரத்தால் அழுந்திய தசைகள் சிதைந்து, அதனால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். உடலில் நீர் வற்றும். தோலில் புண் உண்டாகும். பெர்னார்டு ஐசக்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 1981இல் பிரிட்டனில் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்த முதியோரில் பாதிப்பேர் ஆறு மாதத்துக்குள் இறந்துபோயினர். அவர்களிற் பலர் முன்பே நலிந்தவர்கள் என்பதையும் கருதவேண்டும். எனினும் காலம் கடத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது போதிய எச்சரிக்கை.

கேம்பிரிட்ஜ் நகரில் தொண்ணூறு வயதைக் கடந்தவர்களிடையே நடந்து, 2008இல் வெளியான இன்னோர் ஆய்வு நம்மை இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைக்கிறது. தனியே இருக்கையில் விழுந்த முதியோரில், அழைப்புக் கருவி வைத்திருந்தும் பத்தில் எட்டுப் பேர் அதைப் பயன்படுத்தவில்லை! கருவியை அணியும் பழக்கம் வராதவர்கள் சிலர். அழுத்த முயன்றும் முடியாதவர்கள் சிலர். அழைக்க வேண்டாமென்று தாமே முடிவு செய்தவர்கள் சிலர். கடல்கடந்த அந்த ஊரின் முதியோருக்கும் நம் பின்னறைத் தாயாருக்கும் எத்துணை ஒற்றுமை!

"தொந்தரவு செய்யக் கூடாது" என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது? சிறிது நேர்மையோடு நம்மையே கேட்டுப் பார்ப்போம். ஒருநாள் பாட்டி தண்ணீர் கேட்டு அழைத்தபோது, "இதற்காகவா கூப்பிட்டீர்கள்?" என்று ஒரு சொல் சொல்லியிருப்போம். சொல்லாவிடினும் முகம் சொல்லியிருக்கும். சொன்னவர் மறுநாளே மறந்துவிடுவார், கேட்டவரோ மறப்பதில்லை. அடுத்த முறை பொத்தானின்மீது விரலை வைத்து, அழுத்தாமலே எடுத்துவிடுவார். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய கருவி அந்த ஒரு சொல்லால் பழுதாகிவிடுகிறது. அதைப் பழுதுபார்க்க எந்தக் கடையிலும் ஆள் கிடையாது.

ஆகவே கருவியை மாட்டும் நாளிலேயே ஒரு வழக்கத்தையும் தொடங்குங்கள். ஆபத்துக்கு மட்டுமென்று ஒதுக்கிவைக்காதீர்கள். இரவுச் செபம் முடிந்து படுக்கச் சென்றபின் பாட்டி ஒருமுறை அழைக்கட்டும், பேரப்பிள்ளை இறங்கி வந்து, "கூப்பிட்டீர்களா, பாட்டி?" என்று கேட்டுவிட்டு, போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போகட்டும். இதனால் மூன்று நன்மைகள் உண்டு: கருவி இயங்குகிறதா என்பது தினமும் தெரியும்; நடுங்கும் விரலுக்குப் பழக்கம் வரும்; அழைத்தால் வருவார்கள் என்ற உறுதி அந்த உள்ளத்தில் ஊறும். நள்ளிரவில் கைகொடுப்பது அந்த உறுதிதான். சிறுவன் சாமுவேல், பார்வை மங்கிய முதியவரான ஏலி தன்னை அழைத்தாரென்று எண்ணி, ஓர் இரவில் மூன்று முறை எழுந்து ஓடினான் அன்றோ? முதல் முறையே அவன் சலித்துக்கொண்டதாகத் திருநூலில் இல்லை.

இன்னும் சில சிறு குறிப்புகள். பொத்தானின் பேட்டரியை ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் மாற்றுங்கள். திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. தமிழகத்தில் 2008 முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸ் எண்ணையும், காவல், தீயணைப்பு முதலிய எல்லா அவசரங்களுக்கும் பொதுவான 112 என்ற எண்ணையும், வீட்டின் முழு முகவரியோடு பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே நாவில் வராது. பிள்ளைகள் வெளியூரிலிருக்க, முதியோர் தனித்து வாழும் வீடாயின், அழைப்பு மணியை நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டிலும், மாற்றுச் சாவி ஒன்றை அவ்வீட்டாரிடமும் வையுங்கள். கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் மணி வைத்துப் பயனில்லை.

அந்த வீட்டுக்கு மறுமாதம் சென்றபோது, தாயாரின் கழுத்தில் செபமாலைக்கு அருகே ஒரு வெள்ளைப் பொத்தான் தொங்கியது. விலை உயர்ந்ததை விட்டுவிட்டு, இரு பக்கமும் பேட்டரியில் இயங்கும் எளிய மணியையே மகன் வாங்கியிருந்தார். "இதை அழுத்துகிறீர்களா, அம்மா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நேற்று இரவு மூன்று மணிக்குத் தெரியாமல் கை பட்டுவிட்டது, சாமி. அடித்துப் புரண்டு ஓடி வந்தான். ஒன்றுமில்லையடா என்றேன். ஒன்றுமில்லாவிட்டாலும் அழுத்துங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனான்."

அந்தப் பதிலைக் கேட்டபின் எனக்கு அந்த வீட்டைப் பற்றிக் கவலையில்லை. உங்கள் வீட்டுப் பின்னறையில் இருப்பவருக்கும் அச்சொல் இன்றிரவே கிடைக்கட்டும்.