பேட்டரியும் பாரக் கணக்கில் சேரும்



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மளிகைக் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் லோடு ஆட்டோக்களில் பேட்டரி வண்டிகள் பெருகி வருகின்றன. பெருகட்டும். ஓட்டும் செலவு குறைவு. ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். இவ்வகை வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்ததும், தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் நம் பகுதிக்குப் பெரிய சௌகரியம். ஆனால் வண்டி வாங்கப் போகும் உறுப்பினர்கள் கேட்பது ஒரே கேள்வி: "ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" எத்தனை கிலோ ஏற்றிக்கொண்டு என்று யாரும் கேட்பதில்லை. தராசு பிடித்துப் பிழைக்கும் நாம் எடையை மறந்து வண்டி வாங்குவது வேடிக்கைதான்.

ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட எடையில்லை. அதிலுள்ள சக்தியோ, மின்துறை மீட்டர் கணக்கில் சொன்னால், சுமார் 10 யூனிட். எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்கினாலும், டேங்கின் எடையை நாம் என்றைக்கும் பொருட்படுத்தியதில்லை. பேட்டரி அப்படியல்ல. 1859இல் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த லெட் ஆசிட் பேட்டரியில் ஒரு யூனிட் கரண்ட்டைத் தேக்க ஏறக்குறைய 30 கிலோ எடை வேண்டும். 1991இல் சோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் வகையில் 10 கிலோ அளவில் காரியம் முடிந்துவிடும். டீசல் தீரத் தீர டேங்க் இளைக்கும். பேட்டரி காலியானாலும் அதே பாரம்தான்.

7 யூனிட் லெட் ஆசிட் பேட்டரி என்றால் 200 கிலோவைத் தாண்டிவிடும். 26 கிலோ அரிசிச் சிப்பம் எட்டை, விற்க முடியாத சரக்காக, தினமும் ஏற்றிக்கொண்டு அலைவதற்குச் சமம். (25 கிலோ சிப்பம் 26 ஆனது 2022 ஜூலையில் வந்த வரியால். அந்தக் கதை நம்மைவிட யாருக்குத் தெரியும்!)

சில ஆண்டுகளுக்கு முன் விலை மலிவு என்று அப்படியொரு வண்டியை நாமும் வாங்கி அனுபவப்பட்டோம். விற்றவர் பெயர் வேண்டாம். முதல் சில மாதம் பாகூருக்குத் தடையின்றிப் போய்வந்தது. பத்தாம் மாதம் கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டுவதற்குள் திணறி நின்றுவிட்டது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிய கூலி ஒரு பக்கம். காத்திருந்து அலுத்த கடைக்காரர் அன்று வேறிடத்தில் கொள்முதல் செய்துவிட்டது மறுபக்கம். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி வற்றவிட்டால் ஆயுள் குறையும், பாரம் கூடி கரண்ட்டை வேகமாக இழுத்தால் உள்ளதும் முழுமையாகக் கைக்கு வராது என்று மெக்கானிக் பிறகுதான் விளக்கினார். வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை.

இன்று லித்தியம் வண்டிகள் உள்ளன. 2020இல் வந்த மஹிந்திரா ட்ரியோ ஸோர் 7.37 யூனிட் பேட்டரியுடன் 550 கிலோ, அதாவது 21 சிப்பம் ஏற்றும். 2021இல் வந்த ஆய்லர் ஹைலோட் 12.4 யூனிட்டுடன் 688 கிலோ ஏற்றும். பெரிய பேட்டரியே மேல் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். பேட்டரி பெரிதானால் அதையும் சேர்த்துச் சுமக்கும் சேசிஸ், ஸ்பிரிங், பிரேக் எல்லாம் கனமாக வேண்டும். விலையும் மாதத் தவணையும் கூடும். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலிருந்து பாகூர் ஏறத்தாழ 20 கி.மீ. பாலங்களைத் தவிர நம் பக்கத்தில் ஏற்றமே கிடையாது. சுற்றுக் கிராமங்களைச் சேர்த்தாலும் ஒரு நடைக்கு எவ்வளவு வரும் என்று பார்த்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போட இடமிருந்தால், சின்னப் பேட்டரியே பலருக்குப் போதும்.

ஒன்று மட்டும் உண்டு. கடைக்குக் கடை நின்று கிளம்புவதே நம் தொழில். நின்ற பாரத்தை நகர்த்தும்போதுதான் பேட்டரி அதிகம் இழுபடும். பிரேக் பிடிக்கையில் திரும்ப ஏறும் கரண்ட் அதில் கொஞ்சத்தையே ஈடுகட்டும். கம்பெனி அட்டையில் போட்டிருக்கும் தூரம் இப்படி ஓட்டிப் பார்த்ததல்ல. ஆகவே அரிசி, சர்க்கரை, எண்ணெய் டின் அதிகம் இறங்கும் கடையை லைனில் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்றுக் குறையவிடாதீர்கள். 550 கிலோ வண்டியில் 800 கிலோ அடைப்பது டீசல் காலத்துப் பழக்கம்; இதில் அது பேட்டரியையும் மோட்டாரையும் சூடேற்றிக் கெடுக்கும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்வண்டிகளை விற்கும் டீலர்களை வில்லியனூருக்கு அழையுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் 20 சிப்பம் ஏற்றி, பத்து இடத்தில் நிறுத்தி, பாகூர் போய்த் திரும்பட்டும். எத்தனை சதவீதம் சார்ஜ் மிஞ்சியது, பேட்டரியின் எடை என்ன, முழுப் பாரத்தில் ஓட்டினாலும் வாரண்டி உண்டா என்று எழுத்தில் வாங்குவோம். அதுவரை உறுப்பினர்கள் கடன் பத்திரத்தில் கையெழுத்திட அவசரப்பட வேண்டாம். ஏற்றுவதற்கான சிப்பங்களை நம் கிடங்கிலிருந்தே தருகிறோம்.