படிக்கட்டா, படிநிலையா?

அரும்பு, மொட்டு, மலர்! கேட்கும்போதே மணக்கும் சொற்கள். தோட்டத்துச் சொற்களான இவை 2022 ஜூன் மாதத்திலே தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் வாசலைத் தாண்டி உள்ளே வந்தன. எண்ணும் எழுத்தும் என்ற திட்டத்தின்படி, ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புப் பிள்ளைகளை, வயதைப் பார்த்து அல்ல, வாசிக்கும் திறனைப் பார்த்து மூன்று குழுக்களாக அமர்த்தினார்கள். எழுத்தறியத் தொடங்கும் நிலை அரும்பு. அதனினும் ஒரு படி மேல் மொட்டு. முதிர்ந்த நிலை மலர். 2023இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் திட்டம் நீண்டது. 2025இல் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்குத் ‘திறன்’ என்ற பெயரிலே தனிப் பயிற்சி வந்தது.

ஏன் வந்தது இந்த ஏற்பாடு? 2020 மார்ச்சிலே மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரிலேதான் திறந்தன. பத்தொன்பது மாதங்கள்! வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குக் கணினி பாடம் சொல்லிற்று. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தறியின் ஓசைதான் கேட்டது. கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றிய அசர் ஆய்வு 2022இல் தந்த கணக்கு என்ன? தமிழ்நாட்டிலே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு பேரில் ஐவருக்கும் குறைவானவர்களே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள். 2024இல் அது ஏறத்தாழ பன்னிரண்டாக உயர்ந்தது. ஏற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மீதி எண்பத்தெட்டுப் பேர் யார்? அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா?

ஆகவேதான் கேட்கிறோம்: நம் ஊர்ப் பள்ளியிலே இந்தப் படிப்படியான உதவி உண்மையிலேயே நடக்கிறதா? நடக்கிறது என்பதை எதைக் கொண்டு அளப்பது?

அதிகாரிகளிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தாயிற்றா? கொடுத்தாயிற்று. பயிற்சி நூல் வந்ததா? வந்தது. செயலியிலே பதிவு ஏறிற்றா? ஏறிற்று. எல்லாம் ஏறிற்று, பிள்ளை ஏறிற்றா? அந்தக் கேள்விக்குத்தான் கட்டம் போதவில்லை!

இந்த முறை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவிலே 2004ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வாசல் திறந்தது. முதல் படி, எல்லாப் பிள்ளைகளுக்குமான வகுப்புப் பாடம். இரண்டாம் படி, பின்தங்கியவர்களுக்குச் சிறு குழுவிலே கூடுதல் பயிற்சி. மூன்றாம் படி, அதிலும் எட்டாதவர்களுக்குத் தனிக் கவனம். நூறு பிள்ளைகளில் எண்பது பேருக்கு முதல் படியே போதும், பதினைந்து பேருக்கு இரண்டாவது தேவைப்படும், ஐந்து பேருக்கு மூன்றாவது வேண்டும் என்று ஒரு உத்தேசக் கணக்கும் அங்கே வழங்குகிறது.

அங்கே நடந்ததென்ன? அமெரிக்க அரசே ஆய்வு ஒன்றை நடத்தச் செய்து 2015இல் வெளியிட்டது. இந்த முறையைப் பின்பற்றிய 146 பள்ளிகள், 13 மாநிலங்கள். முதல் வகுப்பிலே, எல்லைக் கோட்டுக்குச் சற்றே கீழே நின்றதால் உதவிக் குழுவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், கோட்டுக்குச் சற்றே மேலே நின்று அனுப்பப்படாத பிள்ளைகளைவிட வாசிப்பிலே பின்தங்கியிருந்தார்கள்! மருந்து கொடுத்தார்கள், நோய் கூடிற்று. அந்த ஆய்விலே இன்னொரு செய்தியும் இருந்தது. பல பள்ளிகளிலே உதவி வகுப்பு, வாசிப்புப் பாடம் நடக்கும் அதே நேரத்திலே நடந்தது. அதாவது, கூடுதலாகக் கொடுக்கவில்லை. ஒன்றைப் பறித்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்தார்கள். பின்னடைவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருத இடமிருக்கிறது.

இதனால் முறையே தவறு என்று சொல்லலாமா? கூடாது. ஏணி சறுக்கினால் ஏணியின் காலைச் சரியாக ஊன்ற வேண்டும். ஏணியைக் கொளுத்துவது அறிவுடைமை ஆகாது.

நம் ஊர்ப் பள்ளியைப் பார்க்கப் போகும் தோழர் நான்கு கேள்விகளைச் சட்டைப் பையிலே வைத்துக்கொள்ளட்டும்.

முதற் கேள்வி: எத்தனை பேர் நகர்ந்தார்கள்? முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஜூனிலே பதினைந்து பேர் அரும்பு. டிசம்பரிலே எத்தனை பேர்? ஆறு என்றால் பள்ளி வேலை செய்கிறது. பதினான்கு என்றால் பள்ளி பெயர் சூட்டு விழா நடத்தியிருக்கிறது, அவ்வளவுதான்!

இரண்டாவது: கீழ்ப் படியிலே எத்தனை பேர்? வகுப்பிலே பாதிப் பேர் அங்கேயே இருந்தால் குற்றம் பிள்ளைகள்மீது இல்லை. அன்றாடப் பாடமே அவர்களை எட்டவில்லை. ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளை ஒரே அறையிலே வைத்துக்கொண்டு மூன்று நிலைகளுக்கும் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் முதல் மருந்து இன்னொரு ஆசிரியர். இன்னொரு படிவம் அல்ல.

மூன்றாவது: கூடுதல் உதவிக்கான நேரம் எங்கிருந்து வருகிறது? விளையாட்டைப் பறித்தா? பாடத்தைப் பறித்தா? செயலியிலே பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தை விழுங்குகிறது என்று ஆசிரியர்கள் முறையிட்டார்களே, அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அளந்துகொண்டே இருப்பவனுக்கு அறுக்க நேரமிருக்காது.

நான்காவது: பிள்ளை ஏன் பின்தங்கிற்று என்று கேட்டார்களா? கண் தெரியவில்லையா, காது கேட்கவில்லையா, தாய் வேலைக்குப் போவதால் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டிலே நிற்கிறதா, காலையிலே சாப்பிட்டதா? பசித்த வயிற்றுக்கு எழுத்து ஏறாது என்பதை 1920இலேயே உணர்ந்து சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியிலே உணவளித்தது நீதிக்கட்சி நடத்திய மாநகராட்சி. 2022இலே காலை உணவு வந்தது. உணவும் ஒரு படிதான். மூக்குக் கண்ணாடியும் ஒரு படிதான்.

இத்தனை விழிப்பு ஏன் என்று கேட்பீர்கள். படிக்கட்டு வேறு, படிநிலை வேறு! படிக்கட்டு ஏறுவதற்கு. படிநிலை அழுத்தி வைப்பதற்கு. பிறப்பைப் பார்த்து மனிதனை அடுக்கி வைத்த நாடு இது. 1953இலே, அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததையும், எதிர்ப்பிலே அது 1954இல் கைவிடப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. இன்று யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஆனால் ஒரு பிள்ளை இரண்டாண்டு, மூன்றாண்டு அரும்பாகவே உட்கார்ந்திருந்து, “அவன் அரும்பு சார்” என்று சக மாணவனே சுட்டிக்காட்டும் நிலை வந்துவிட்டால், பூவின் பெயராலே புதியதொரு அடுக்கு முளைத்துவிட்டது என்று பொருள். எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சியை நிறுத்துவதில்லை என்று தமிழ்நாடு எடுத்த முடிவு சரியானது. ஆனால் வகுப்பு ஏறிய பிள்ளைக்கு வாசிப்பும் ஏறினால்தான் அந்த முடிவு வெல்லும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, தோழர்களே! 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் பயிற்சியைத் தருவது ஆசிரியரின் கடமை என்கிறது. பிள்ளையின் முன்னேற்றத்தைப் பெற்றோரிடம் கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவிலே முக்கால் பங்கு பெற்றோர். குழுவிலே பாதிப் பேர் பெண்கள். சலுகை கேட்டுப் போகவில்லை நாம். கணக்குக் கேட்கப் போகிறோம்.

கூட்டத்துக்குப் போனால் அரைநாள் கூலி போய்விடும், தெரியும். அப்படியானால் தெருவிலே பத்துப் பேர் சேர்ந்து, ஒரு தாயையோ தந்தையையோ அனுப்பி, அந்தக் கூலியைப் பகிர்ந்து கொடுங்கள். ஆலையிலே அப்படித்தானே ஒற்றுமை கற்றோம்? ஆசிரியரை மிரட்டப் போகவேண்டாம்; அவர் நம் எதிரி அல்ல. ஜூன் கணக்கையும் டிசம்பர் கணக்கையும் பக்கத்திலே பக்கத்திலே வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு ஆசிரியர் வேண்டுமென்றால் அவரோடு சேர்ந்து நீங்களும் கையெழுத்திடுங்கள்.

பிறகு வீட்டுக்கு வந்து, உங்கள் பிள்ளையிடம் இந்த ஏட்டையே கொடுத்து, ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். எந்தச் செயலியும் தராத விடையை அந்தச் சிறு குரல் தந்துவிடும்.