உதவி எண் பட்டியலில் இல்லாத பயணிகள்: பெங்களூரு வருவோரின் அச்சம் எங்கிருந்து எழுகிறது?

பெங்களூரு: மத்திய சுற்றுலா அமைச்சகம் 2016 பிப்ரவரியில் அறிமுகப்படுத்திய பயணிகள் உதவி எண் 1363, இரவு பகலாக 12 மொழிகளில் இயங்குகிறது. இந்தி, ஆங்கிலம் தவிர அரபு, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஜப்பானியம், கொரியன், சீனம், போர்ச்சுகீசியம், ரஷ்யன், ஸ்பானிஷ் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. தமிழ் இல்லை, அசாமி இல்லை, மணிப்புரி இல்லை. பெங்களூருவின் மொழியான கன்னடமும் இல்லை.

வெளியூரிலிருந்து வருபவர் என்றவுடன் அரசின் மனக்கண்ணில் யார் தோன்றுகிறார் என்பதை இந்தப் பட்டியல் காட்டிவிடுகிறது. விடுதியில் முன்பதிவு செய்து, கையில் கேமராவுடன் விமானத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணியே அவர். ஆனால், பெங்களூருவில் கடந்த காலங்களில் உண்மையாகவே அஞ்சி ஒடுங்கியவர்கள் பெரும்பாலும் வேறு வகையினர். கல்லூரிக்கு வந்த ஆப்பிரிக்க மாணவர்கள், உணவகங்களிலும் அழகு நிலையங்களிலும் பணியாற்ற வந்த வடகிழக்கு இளைஞர்கள், நிமான்ஸ் மருத்துவமனைக்கோ கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கோ உறவினரை அழைத்து வந்த தமிழகக் குடும்பங்கள் ஆகியோரே அவர்கள்.

பாரிஸ், ரோம் போன்ற ஐரோப்பியப் பெருநகரங்களுக்குச் செல்வோரின் கவலை பொதுவாகப் பணப்பையைப் பற்றியது. ஜேப்படித் திருடர்களின் தொல்லையைக் கண்டித்து ஊழியர்கள் பணிக்கு வர மறுத்ததால், 2013 ஏப்ரலில் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் ஒரு நாள் மூடப்பட்டது. 2016 மே மாதத்தில் சீனப் பயணிகளுக்கு உதவ சீனக் காவலர்கள் நால்வர் வரவழைக்கப்பட்டு, ரோம், மிலான் நகர வீதிகளில் இத்தாலியக் காவலர்களுடன் இரண்டு வாரங்கள் ரோந்து சென்றனர். பெங்களூருவில் எழும் அச்சம் அத்தகையது அன்று. யாரோ ஒருவர் செய்த செயலுக்கோ, எங்கோ வழங்கப்பட்ட தீர்ப்புக்கோ, தன் முகமும் மொழியும் வாகனப் பதிவெண்ணும் பொறுப்பேற்க நேரிடும் என்ற அச்சம் அது. நகரின் வழக்கமான நாள்களில் அது தலைகாட்டுவதில்லை. பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்ந்தவரைக்கூட ஒரே மாலையில் அது பிடித்துக்கொள்கிறது.

அரை மணி நேர இடைவெளி

2016 ஜனவரி 31 அன்று இரவு, ஹெசரகட்டா சாலைப் பகுதியில் சூடான் நாட்டு மாணவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி உள்ளூர்ப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து, 21 வயது தான்சானிய மாணவி ஒருவர் நண்பர்களுடன் வேறொரு காரில் அவ்வழியே வந்தார. விபத்துக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அங்கு திரண்டிருந்த கும்பல் அவர்களைத் தாக்கி, மாணவியின் ஆடையைக் கிழித்து, காருக்கும் தீ வைத்தது. தப்பிக்க முயன்று பேருந்தில் ஏறியபோது உள்ளே இருந்தவர்கள் தன்னைக் கீழே தள்ளியதாகவும் அந்த மாணவி தெரிவித்தார்.

இந்தச் சம்பவம் நாடு முழுவதும் தெரியவர மூன்று நாள்கள் ஆயின. புகாரை ஏற்கக் காவலர்கள் தயங்கியதாகவும், விபத்தை ஏற்படுத்தியவரை அழைத்து வருமாறு கூறியதாகவும் மாணவர்கள் தரப்பில் குற்றஞ்சாட்டப்பட்டது. மாணவிக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் இதை மொழிச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. தான்சானியத் தூதரகம் விளக்கம் கேட்டு, அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் வருத்தம் தெரிவித்து, மாநில அரசிடம் பேசிய பிறகே நடவடிக்கைகள் வேகமெடுத்தன. கைதுகள் தொடர்ந்தன. காவல் ஆய்வாளர் உள்ளிட்டோர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

அப்போதைய மாநில உள்துறை அமைச்சர் ஜி.பரமேஸ்வரா, இது இனவெறித் தாக்குதல் அல்ல, விபத்தினால் எழுந்த ஆத்திரத்தின் விளைவு என்று விளக்கமளித்தார். இந்த விளக்கம் ஆராயத்தக்கது. ஆத்திரம் விபத்தினால் எழுந்தது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த ஆத்திரம் வேறொரு காரில் வந்த வேறொரு நாட்டு மாணவியை எதை அடையாளமாகக் கொண்டு தேடிப் பிடித்தது? நிறத்தைத் தவிர அவருக்கும் விபத்து ஏற்படுத்திய ஓட்டுநருக்கும் பொதுவான ஒன்று அங்கு இருக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களின் முதல் சொல் நகரத்தின் நற்பெயரைக் காப்பதிலேயே குறியாக இருந்தால், அதே சாலையில் மறுநாள் நடந்து செல்ல வேண்டிய பிற மாணவர்களுக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைப்பதில்லை.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 ஆகஸ்ட் மாதத்தில், ஜே.சி.நகர் காவல்துறையின் பிடியில் இருந்த காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். நியாயம் கேட்டுக் காவல் நிலையம் முன் கூடிய ஆப்பிரிக்கர்கள் மீது தடியடி நடத்தப்பட்டது. விசாரணை பின்னர் சிஐடி வசம் சென்றது. ஆபத்து நேர்ந்தால் காவல் நிலையத்துக்கு ஓடலாம் என்ற நம்பிக்கை ஒரு சமூகத்திடம் எவ்வாறு தேய்கிறது என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் போதிய சான்று.

நடக்காத தாக்குதலுக்கு அஞ்சி

2012 ஆகஸ்டில் நிகழ்ந்தது இதற்கு முற்றிலும் மாறானது. அசாமின் கோக்ரஜார் பகுதியில் அவ்வாண்டு ஜூலையில் போடோ மக்களுக்கும் வங்கமொழி பேசும் முஸ்லிம்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. அதற்குப் பழிவாங்கும் விதமாக, ரம்ஜான் முடிந்ததும் தென்னிந்தியாவில் வாழும் வடகிழக்கு மக்கள் தாக்கப்படுவார்கள் என்ற வதந்தி கைபேசிக் குறுஞ்செய்திகளாகப் பரவியது. ஆகஸ்ட் 15 முதல் பெங்களூரு ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளுடன் ஆயிரக்கணக்கானோர் குவிந்தனர். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் இயக்கப்பட்டன. அப்போதைய துணை முதல்வர் ஆர்.அசோகா உள்ளிட்டோர் ரயில் நிலையத்துக்கே சென்று, அஞ்ச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர். முஸ்லிம் அமைப்புகளின் தலைவர்களும் பாதுகாப்புக்கு உறுதி கூறினர். ஒரே குறுஞ்செய்தியை ஐந்து பேருக்கு மேல் அனுப்ப மத்திய அரசு நாடு முழுவதும் 15 நாள்களுக்குத் தடை விதித்தது.

வதந்தி சொன்னது போன்ற பெரும் தாக்குதல் எதுவும் பெங்களூருவில் நிகழவில்லை. அப்படியானால் அவர்கள் ஏன் ஓடினர்? வேலையையும் படிப்பையும் நிலுவைச் சம்பளத்தையும் விட்டுவிட்டு, இரண்டு நாள்களுக்கு மேல் நீளும் ரயில் பயணத்துக்கு ஒருவர் வெறும் குறுஞ்செய்தியை நம்பிப் புறப்பட்டுவிடுவதில்லை. தெருவில் கேட்ட ஏளனச் சொற்கள், வீடு வாடகைக்கு மறுக்கப்பட்ட அனுபவங்கள், சென்ற முறை புகார் அளித்தபோது கிடைத்த அலட்சியம் ஆகியவை ஏற்கெனவே மனத்தில் சேர்ந்திருந்தால்தான் ஒரு வதந்திக்கு அவ்வளவு வலிமை கிடைக்கும். ரயில் நிலையத்துக்கு வந்த அமைச்சர்களின் உறுதிமொழி பொய்யானது அன்று. அது வந்து சேர்ந்த நேரமும் இடமும்தான் பிந்திவிட்டன.

பதிவெண்ணே அடையாளமான நாள்

தமிழ் வாசகர்களுக்கு நன்கு நினைவிருப்பது 2016 செப்டம்பர் 12. தமிழகத்துக்கு நாள்தோறும் விநாடிக்கு 15,000 கன அடி வீதம் காவிரி நீர் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 5 அன்று உத்தரவிட்டது. 12-ஆம் தேதி அந்த அளவு 12,000 கன அடியாகக் குறைக்கப்பட்டு, காலம் செப்டம்பர் 20 வரை நீட்டிக்கப்பட்டது. அன்று பிற்பகலில் பெங்களூரு பற்றி எரிந்தது. தமிழகப் பதிவெண் கொண்ட லாரிகளும் கார்களும் நிறுத்தப்பட்டுத் தாக்கப்பட்டன. கேபிஎன் நிறுவனத்தின் பணிமனையில் நிறுத்தப்பட்டிருந்த 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் தீக்கிரையாயின. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. இரு நாள்களுக்கு முன்னர், கன்னட நடிகர்களை விமர்சித்து முகநூலில் பதிவிட்ட தமிழ் மாணவர் ஒருவரைக் கிரிநகர் பகுதியில் சிலர் தாக்கி, மண்டியிட வைத்து, அதைக் காணொலியாகவும் பரப்பியிருந்தனர்.

அதே 12-ஆம் தேதி, தமிழகத்திலும் இதன் எதிரொலி கேட்டது. சென்னையில் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்களின் உணவகம் ஒன்று தாக்கப்பட்டது. ராமேசுவரத்துக்கு வந்திருந்த கர்நாடக வாகனங்களின் ஓட்டுநர்கள் அறையப்பட்டனர். எல்லையின் இருபுறமும் அடி வாங்கியவர்களில் ஒருவருக்காவது அணையின் மதகைத் திறக்கவோ மூடவோ அதிகாரம் இருந்ததில்லை. இரு மாநில முதல்வர்களான ஜெயலலிதாவும் சித்தராமையாவும் தத்தம் மக்களின் பாதுகாப்பை வலியுறுத்திப் பரஸ்பரம் கடிதம் எழுதிக்கொண்டனர். தான்சானிய மாணவிக்காகப் பேச ஒரு தூதரகம் இருந்தது. அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியில் இறங்கிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு நடந்த பயணிக்கு அத்தகைய தூதரகம் எதுவும் கிடையாது.

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து நடந்த வன்முறையில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கர்நாடகத்தை விட்டு வெளியேறின. 25 ஆண்டுகளுக்குப் பிறகும் உத்தரவு வெளியாகும் நாள் எது என்பது அரசுக்கு முன்கூட்டியே தெரிந்தே இருந்தது. ஆகவே 2016 வன்முறையை எதிர்பாராத வெடிப்பு என்று கூறுவது பொருந்தாது.

இதற்கு மாற்றுச் சான்று 2023 செப்டம்பர். காவிரிப் பிரச்சினை மீண்டும் தலைதூக்கி, 26-ஆம் தேதி பெங்களூரு முழு அடைப்பும், 29-ஆம் தேதி கர்நாடக முழு அடைப்பும் நடைபெற்றன. தடை உத்தரவு முன்னரே பிறப்பிக்கப்பட்டது. தமிழகப் பேருந்துகள் ஓசூரை அடுத்த ஜூஜூவாடியிலேயே நிறுத்தப்பட்டன. போராட்டங்கள் நடந்தன, போராட்டக்காரர்கள் கைது செய்யப்பட்டனர், ஆனால் 2016-ஐப் போன்ற தீவைப்பு நிகழவில்லை. ஆற்றுநீர்ப் பங்கீட்டில் உணர்ச்சி குறைந்துவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ள இயலாது. முந்தைய நாளே காவல்துறை சாலையில் நின்றதன் பயன் அது.

காணொலி இருந்தால் நடவடிக்கை

2023 ஜூனில், சிக்பேட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காணொலி பதிவு செய்துகொண்டிருந்த நெதர்லாந்து யூடியூபரின் கையைப் பிடித்து முறுக்கிய வியாபாரி ஒருவர் கைது செய்யப்பட்டார். காணொலி பரவிய சிறிது நேரத்தில் வழக்குப் பதிவானது. பாராட்டத்தக்க வேகம்தான். எனினும் அந்த வேகத்தைத் தூண்டியது புகார் அல்ல, பதிவு செய்யப்பட்ட காட்சி. கேமராவும் லட்சக்கணக்கான பார்வையாளர்களும் இல்லாத பயணிக்கு அதே வேகம் கிடைக்குமா என்பதே வினா.

பெங்களூருவில் நிர்பயா நிதியின் கீழான பாதுகாப்பான நகரம் திட்டத்தில் 7,000-க்கும் மேற்பட்ட கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டுள்ளன. குற்றம் நடந்த பிறகு ஆளைக் கண்டுபிடிக்க அவை பெரிதும் உதவும். கும்பல் கூடும்போது அதன் நடுவில் சிக்கியவருக்கு அவற்றால் உடனடிப் பயன் குறைவே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழும் தெலுங்கும் உருதும் அன்றாடம் புழங்கும் இந்நகரில், வெளியூர்க்காரரின் புகாரை அவர் மொழியிலேயே கேட்டு எழுதக்கூடியவரைக் கண்டுபிடிப்பது கடினமான காரியமாக இருக்க முடியாது.

சட்டம் ஓரடி முன்னே வந்துள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வழி வகுக்கிறது. ஓசூர் திரும்பிய பின்னரும், கவுஹாத்தி சென்ற பின்னரும் ஒருவர் அங்கிருந்தே புகார் அளிக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2), 117(4) ஆகிய பிரிவுகள், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கும்பலாகச் சேர்ந்து இனம், பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காக ஒருவரைக் கொல்வதையும் கொடுங்காயப்படுத்துவதையும் தனிக் குற்றங்களாக்கியுள்ளன. இந்தியக் குற்றவியல் சட்டத்தில் இது புதியது.

ஆயினும் கொடுங்காயம் என்பதற்கு எலும்பு முறிவு, பார்வை இழப்பு, 15 நாள்கள் கடும் வேதனை போன்ற அளவுகோல்கள் உள்ளன. டெல்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா கொல்லப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, இன அடிப்படையிலான இழிசொல்லையும் தண்டிக்கத் தனிப் பிரிவு வேண்டும் என்று 2014-இல் பரிந்துரைத்தது. புதிய சட்டத்தில் அத்தகைய தனிப் பிரிவு சேர்க்கப்படவில்லை. மண்டியிட வைக்கப்பட்டு அறையப்பட்ட கிரிநகர் மாணவருக்கோ, ராமேசுவரத்தில் அடி வாங்கிய ஓட்டுநருக்கோ நேர்ந்தது போன்றது மீண்டும் நிகழ்ந்து, எலும்பு எதுவும் முறியாதிருந்தால், 117(4) பொருந்தாது. தாக்கியவர்கள் எத்தனை பேராயினும், அந்தக் காயத்துக்குரிய பிரிவு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் 115(2) மட்டுமே.